மெட்டாலிகா: முதல் நாலும் பிந்தைய ஏழும்

மெட்டாலிகா கேட்பவர்களிடம் எந்த ஆல்பம் பிடிக்கும் என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் யோசிக்காமல் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். "முதல் நாலு. அதோட கதை முடிஞ்சது." 1983இல் வந்த 'கில் 'எம் ஆல்', 1984இன் 'ரைட் த லைட்னிங்', 1986இன் 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்', 1988இன் '...அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்'. இதற்குப் பிறகு 1991இல் கறுப்பு அட்டையோடு வந்த ஆல்பத்தில் காசுக்கு விலைபோய்விட்டார்கள், அதன்பின் வந்ததெல்லாம் வீண் என்பது இந்தக் கட்சியின் கொள்கை.

நானும் இருபது வருஷமாக இந்தக் கட்சிதான். கட்சி மாறினேன் என்று சொல்ல வரவில்லை. ஆனால் நான் சொல்லிக்கொண்டிருந்த காரணம் தப்பு என்று இப்போது தோன்றுகிறது. தீர்ப்பு பாதி சரியாக இருந்து காரணம் முழுக்கத் தப்பாக இருந்தால் அது விமர்சனம் இல்லை, வெறும் பழக்கம். அதனால் கடந்த சில வாரங்களில் பதினோரு ஸ்டுடியோ ஆல்பங்களையும் வெளிவந்த வரிசையில், பாட்டைத் தாண்டாமல், நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து கேட்டேன். மற்றவர்களின் பாடல்களைப் பாடிய தொகுப்புகள், ஆர்கெஸ்ட்ராவோடு செய்த நிகழ்ச்சிகள், லூ ரீடோடு சேர்ந்து செய்த 'லூலூ' ஆகியவற்றைக் கணக்கில் எடுக்கவில்லை. கிடைத்த குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை.

முதலில் "விலைபோனார்கள்" என்ற குற்றச்சாட்டின் வயதைப் பார்ப்போம். அது 1991இல் பிறந்ததில்லை. 1984இலேயே பிறந்துவிட்டது. 'ரைட் த லைட்னிங்' ஆல்பத்தின் நாலாவது பாட்டு 'ஃபேட் டு பிளாக்', அகௌஸ்டிக் கிட்டாரோடு மெதுவாகத் தொடங்கும், தற்கொலை எண்ணம் பற்றிய பாட்டு. அதைக் கேட்டு அன்றைய த்ராஷ் ரசிகர்களில் ஒரு பகுதியினர் கொதித்துப் போனார்கள். "மெதுப்பாட்டு பாடறாங்க, துரோகிகள்" என்ற கூச்சல் அப்போதே எழுந்தது. இன்றைக்கு அதே பாட்டை "பழைய நல்ல மெட்டாலிகா"வுக்கு உதாரணமாகக் காட்டுகிறோம். ஆக, வேகம் குறைந்ததுதான் துரோகம் என்றால் அந்தத் துரோகம் இரண்டாவது ஆல்பத்திலேயே நடந்துவிட்டது. வேகம் அளவுகோல் ஆகாது.

சரி, அப்படியென்றால் எது அளவுகோல்? நோட்டில் முதலில் எழுதிய விஷயம் ரொம்பச் சாதாரணமானது: நீளம்.

'கில் 'எம் ஆல்' சுமார் 51 நிமிடம், 10 பாட்டு. 'ரைட் த லைட்னிங்' சுமார் 47 நிமிடம், 8 பாட்டு. 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' 55 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு, 8 பாட்டு. 'ஜஸ்டிஸ்' 65 நிமிடம், 9 பாட்டு. கறுப்பு ஆல்பம் 62 நிமிடத்துக்குச் சற்று மேல், 12 பாட்டு. அதன்பிறகு பாருங்கள்: 1996இன் 'லோட்' 79 நிமிடம், 1997இன் 'ரீலோட்' 76, 2003இன் 'செயின்ட் ஆங்கர்' 75, 2008இன் 'டெத் மேக்னெடிக்' கிட்டத்தட்ட 75, 2016இன் 'ஹார்ட்வயர்ட்... டு செல்ஃப்-டிஸ்ட்ரக்ட்' 77, 2023இன் '72 சீசன்ஸ்' 77.

முதல் மூன்றும் எல்பி ரெக்கார்டின் காலத்தவை. ஒரு பக்கத்துக்கு இருபது, இருபத்தைந்து நிமிடம். அதற்கு மேல் திணித்தால் பள்ளங்கள் நெருங்கி ஒலி பலவீனமாகும். பிந்தைய ஆறும் சிடியின் கொள்ளளவை முட்டிக்கொண்டு நிற்பவை. 'லோட்' ஆல்பத்தின் கடைசிப் பாட்டு 'தி அவுட்லா டோர்ன்' சிடிக்குள் அடங்கவில்லை என்பதற்காக வாலில் ஒரு நிமிடம் குறைக்கப்பட்டது. முழு வடிவத்தைப் பிறகு ஒரு சிங்கிளில் வெளியிட்டார்கள். இதை யோசித்துப் பாருங்கள். 14 பாட்டில் எது வேண்டாம் என்று யாரும் கேட்கவில்லை. தகடு தாங்காது என்றதும், இருப்பதிலேயே நல்ல பாட்டின் வாலை நறுக்கினார்கள்!

இங்கே ஒரு எதிர்க்கேள்வி வரும். "நீளம்தான் பிரச்சினை என்றால் 'ஜஸ்டிஸ்' மட்டும் எப்படித் தப்பிக்கும்? அதில் ஒரு பாட்டின் சராசரி நீளம் ஏழே கால் நிமிடமாச்சே?" சரியான கேள்வி. சராசரியை எல்லா ஆல்பங்களுக்கும் போட்டுப் பார்த்தேன். கறுப்பு ஆல்பத்தின் சராசரி 5 நிமிடம் 13 நொடி, அதாவது கிட்டத்தட்ட 'கில் 'எம் ஆல்' அளவு. எல்லாவற்றிலும் நீளமான பாட்டுகள் கொண்டது 'டெத் மேக்னெடிக்', சராசரி ஏழரை நிமிடத்தை ஒட்டி. "பழையபடி நீளமான, சிக்கலான பாட்டு போடுங்கடா" என்று கேட்டவர்களுக்கு 2008இல் கேட்டதற்கு மேலேயே கிடைத்தது. ஆனாலும் நிறைவு வரவில்லை. அதனால் நீளம் ஒரு அறிகுறிதான், நோய் வேறு. அதைப் பிடிக்க ஒரு பாட்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' தலைப்புப் பாட்டையே எடுத்துக்கொள்வோம். எட்டரை நிமிடம். போதைப் பழக்கமே பேசுவதுபோல் எழுதிய பாட்டு. பொருள் எஜமான், மனுஷன் பொம்மை. ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டின் வலது கை இதில் செய்வது கிட்டார் கற்பவர்களை இன்றும் அழவைக்கும் வேலை. நிமிடத்துக்கு இருநூறுக்கு மேற்பட்ட தாள வேகத்தில், மேலும் கீழுமாக மாற்றி மீட்டாமல், எல்லாவற்றையும் கீழ்நோக்கியே மீட்டுவார். மேலும் கீழும் மீட்டினால் கை ஓய்வெடுக்கும், ஆனால் ஒலி வழுக்கும். எல்லாம் கீழ்நோக்கி வந்தால் ஒவ்வொரு அடியும் சுத்தியல் மாதிரி ஒரே எடையில் விழும். அடுத்து, சரணத்தின் ரிஃப்பில் நாலாவது சுற்று முழுசாக முடியாது. ஒரு துண்டு குறையும். தலையாட்டிக்கொண்டே கேட்டால் அந்த இடத்தில் கழுத்து ஒரு கணம் தடுமாறும். யாரோ பிடித்து முன்னே இழுப்பது போலிருக்கும். பாட்டு சொல்வதும் அதைத்தானே? கட்டுப்பாடு உன்னிடம் இல்லை.

மூன்றரை நிமிடம் தாண்டியதும் எல்லாம் நிற்கிறது. சுத்தமான கிட்டார் ஒலி, மெதுவான நடை, அதன்மேல் ஹெட்ஃபீல்டே வாசிக்கும் ஒரு மெல்லிசை சோலோ. பிறகு அந்த மென்மைக்குள்ளேயே கனம் ஏறி, ஒரு கோஷமாகி, கிர்க் ஹாம்மெட்டின் வேக சோலோவில் வெடித்து, ஆரம்பத்து ரிஃப்புக்குத் திரும்புகிறது. போதை ஏறி, இதமாகி, இறங்கி, மறுபடி அதே கூண்டுக்குள் வந்து விழுவது. ஒரு பகுதியை எடுத்துவிட்டால் அடுத்த பகுதி நிற்காது. எட்டரை நிமிடம் எட்டரை நிமிடமாகவே தெரியாததற்கு இதுதான் காரணம்.

இவர்கள் பாட்டு கட்டும் முறை ஆரம்பத்திலிருந்தே ஒன்றுதான். ஆளாளுக்கு ரிஃப்புகளைக் கேசட்டில் பதிந்து வைப்பார்கள். ஹெட்ஃபீல்டும் ட்ரம்மர் லார்ஸ் உல்ரிக்கும் அவற்றை ஒட்டிப் பாட்டாக்குவார்கள். ஒட்டுவதில் இரண்டு வகை உண்டு. மூட்டு தெரியாமல் ஒட்டுவது ஒன்று, பக்கத்தில் பக்கத்தில் அடுக்குவது இன்னொன்று. முதல் வகைக்கு ஒத்திசை அறிவு வேண்டும். அது அந்தக் குழுவில் பேஸ் வாசித்த கிளிஃப் பர்ட்டனிடம் இருந்தது. முறையாக இசைக்கோட்பாடு படித்தவர். அவரைச் சேர்த்துக்கொள்வதற்காகவே குழு லாஸ் ஏஞ்சலிஸை விட்டு சான் ஃபிரான்சிஸ்கோ பக்கம் குடிபெயர்ந்தது. 'ரைட் த லைட்னிங்' கடைசியில் வரும் 'தி கால் ஆஃப் கெட்டூலு', 'மாஸ்டர்' ஆல்பத்தின் 'ஓரியன்' என்ற இரண்டு வாத்திய இசைகளையும் கேட்டால் அந்தக் கை எங்கே இருக்கிறது என்று தெரியும். 1986 செப்டம்பர் 27 அன்று சுவீடனில் டூர் பஸ் கவிழ்ந்து பர்ட்டன் இறந்தார். வயது 24.

ஆனால் எல்லாவற்றையும் ஒரு மரணத்தின் மேல் ஏற்றிவிடுவதும் சோம்பேறித்தனம். 'ஜஸ்டிஸ்' இதற்குச் சாட்சி. பர்ட்டன் போனபிறகு வந்த முதல் முழு ஆல்பம். புதிதாக வந்த ஜேசன் நியூஸ்டெட் வாசித்த பேஸ் காதில் விழவே விழாது. அவர் வரிகள் பெரும்பாலும் ரிதம் கிட்டாரை ஒட்டியே போகின்றன. மிக்ஸிங்கிலும் அவரை அமுக்கிவிட்டார்கள். 2018இல் புதுப்பித்து வெளியிட்டபோதும் அதை உயர்த்தவில்லை. மரணத்தின் வெற்றிடம் அது என்று கவித்துவமாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது ஒரு மோசமான மிக்ஸிங் முடிவாகத்தான் கேட்கிறது. அதையும் மீறி 'பிளாக்கன்ட்', 'ஒன்' இரண்டும் நிற்கின்றன. போரில் கை கால், கண், காது, வாய் எல்லாம் இழந்து உயிர் மட்டும் மிஞ்சிய ஒருவனின் தலைக்குள் நடக்கும் பாட்டு 'ஒன்'. முடிவில் ட்ரம்ஸும் கிட்டாரும் இயந்திரத் துப்பாக்கி மாதிரி ஒன்றாகச் சுடும் இடத்துக்கு அது படிப்படியாக ஏறிப் போகும் விதத்தில் ஒரு நொடிகூட அதிகம் இல்லை. அதே ஆல்பத்தின் தலைப்புப் பாட்டு கிட்டத்தட்ட பத்து நிமிடம். அந்த டூர் முடிந்தபின் 2007 வரை அவர்களே அதை மேடையில் தொடவில்லை. "முதல் நாலு" என்று ஒரே மூச்சில் சொல்கிறோமே, விரிசல் அந்த நாலுக்குள்ளேயே ஆரம்பித்துவிட்டது.

இன்னொன்றும் நோட்டில் பட்டது. இதை எப்படி இத்தனை வருஷம் கவனிக்காமல் விட்டேன் என்று தெரியவில்லை. 'ரைட்', 'மாஸ்டர்' இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் பாட்டு மென்மையான கிட்டாரில் ஆரம்பித்து மின்னல் வேகத்துக்குத் தாவும். இரண்டாவது தலைப்புப் பாட்டு. நாலாவது, மெதுவாகத் தொடங்கி வெடிக்கும் சோகப் பாட்டு. கடைசியிலோ கடைசிக்கு முன்போ ஒரு வாத்திய இசை. 'ஜஸ்டிஸ்' கிட்டத்தட்ட இதே வார்ப்பு: இரண்டாவது தலைப்புப் பாட்டு, நாலாவது 'ஒன்', கடைசிக்கு முன்னால் வாத்திய இசை, கடைசியில் அதிவேகப் பாட்டு. அதாவது நாம் "சமரசமே இல்லாத காலம்" என்று கும்பிடும் காலத்தில் ஒரு அச்சு இருந்தது. மூன்று தடவை அதே அச்சில் வார்த்தார்கள்.

இந்த இடத்தில் நின்று கறுப்பு ஆல்பத்தைப் பார்த்தால் அது வேறு மாதிரி தெரிகிறது. 1991இல் அவர்கள் அந்த அச்சின் பெரும்பகுதியை உடைத்தார்கள். வாத்திய இசை கிடையாது. மென்மையாகத் தொடங்கி மின்னலாக மாறும் முதல் பாட்டு கிடையாது. நாலாவது இடத்து மெதுப்பாட்டு மட்டும், 'தி அன்ஃபர்கிவன்' என்ற பெயரில், மிச்சம் இருந்தது. தயாரிப்பாளர் பாப் ராக். அதுவரை ஆளாளுக்குத் தனித்தனியாகப் பதிந்து ஒட்டிக்கொண்டிருந்தவர்களை ஒரே அறையில் சேர்ந்து வாசிக்க வைத்தார். வாக்குவாதம் செய்தார். ஹெட்ஃபீல்டை உண்மையாகவே பாட வைத்தார். பேஸை மறுபடி காதுக்குக் கொண்டுவந்தார். 'என்டர் சாண்ட்மேன்' ரிஃப்பை ஹாம்மெட் கொண்டுவந்தபோது அது இருந்த வடிவம் வேறு. முதல் பாதியை மூன்று முறை திரும்ப வாசித்து, பிறகு வாலைச் சேர்க்கலாம் என்று உல்ரிக் சொன்னார். அந்த ஒரு யோசனையில்தான் உலகமே முணுமுணுக்கும் அந்த ரிஃப் பிறந்தது. வேறு எதுவும் சேர்க்கவில்லை. இருந்ததில் எது முக்கியம் என்று கண்டுபிடித்தார்கள், அவ்வளவுதான்.

அதாவது கறுப்பு ஆல்பத்தில் நடந்தது கத்திரி வேலை. அமெரிக்காவில் மட்டும் 1.6 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்ற ஆல்பம், அதனால் அது எளிமையானது, அதனால் அது மலிவானது என்ற என் பழைய சங்கிலியில் இரண்டாவது கண்ணி அறுந்துவிட்டது. 'சாட் பட் ட்ரூ' பாட்டில் சுருதியை ஒரு முழுப் படி இறக்கி, நடையைப் பாதியாக்கி, ஒரே ரிஃப்பின் எடையில் ஐந்து நிமிடத்தை நிறுத்துகிறார்கள். அதை நிறுத்துவது 'பிளாக்கன்ட்' வாசிப்பதைவிடச் சுலபம் என்று இப்போது என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் ஆல்பத்தின் இரண்டாம் பாதியில் இரண்டு மூன்று பாட்டுகள் முதல் பாதியின் நகல் மாதிரி இருப்பதும் உண்மை. பன்னிரண்டில் ஒன்பது போதும்.

இனி என் பெரிய தவறு. 'லோட்', 'ரீலோட்'.

1996இல் முடியை வெட்டிக்கொண்டு, கண்ணுக்கு மை தீட்டி ஆன்டன் கார்பைன் எடுத்த போட்டோக்களோடு வந்தார்கள் என்பதற்காகவே 'லோட்' ஆல்பத்தை வெறுத்த கூட்டம் பெரிது. நான் அவ்வளவு மட்டமான ரசிகன் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் முழுசாகக் கேட்காமலே அபிப்பிராயம் வைத்திருந்தேன். அது அதைவிட மட்டம். இந்த முறை பாட்டு வரிகளை இசையிலிருந்து பிரித்து, பதினோரு ஆல்பத்துக்கும் "இது எதைப் பற்றிய பாட்டு" என்று ஒரு வரி எழுதிக்கொண்டே வந்தேன். முதல் மூன்று ஆல்பங்களின் பட்டியல்: மின்சார நாற்காலி, அணுகுண்டு, எகிப்தின் மீது விழுந்த பைபிள் சாபங்கள், ஹெமிங்வே நாவல், லவ்கிராஃப்ட் கதை, போர்க்களத்தில் சாகும் சிப்பாய், போலிப் பிரசங்கி. எல்லாம் வெளியே நடப்பவை. எழுதியவருக்கு இருபது, இருபத்திரண்டு வயது. எழுதியவர் யார் என்று அந்தப் பாட்டுகளை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது.

ஹெட்ஃபீல்டின் அம்மா 1980இல் புற்றுநோயில் இறந்தார். ஜெபத்தால் நோய் குணமாகும் என்று நம்பும் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர், வைத்தியத்தை மறுத்தவர். மகனுக்கு அப்போது 16 வயது. அப்பா ஏற்கெனவே வீட்டை விட்டுப் போயிருந்தார். இந்தக் காயம் 'ஜஸ்டிஸ்' கடைசிப் பாட்டில் பெற்றோரை நோக்கிய கத்தலாக முதலில் வெளிவருகிறது. கறுப்பு ஆல்பத்தின் 'தி காட் தட் ஃபெயில்ட்' அம்மாவின் நம்பிக்கை மேல் கோபப்படுகிறது. 'லோட்' வரும்போது கோபம் அடங்கி, அம்மாவிடமே பேசும் 'மாமா செட்' வருகிறது. நாட்டுப்புற அமெரிக்க கன்ட்ரி இசையின் சாயலில். த்ராஷ் ரிஃப்பில் அந்தப் பாட்டைப் பாடியிருக்க முடியாது. எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்: அவர் சொல்ல வேண்டியிருந்த விஷயம் மாறியது, அதனால் இசை மாறியது. மை தீட்டிய கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்த நமக்கு அது கேட்கவில்லை.

அப்படியானால் 'லோட்' பெரிய ஆல்பமா? இல்லை. இரண்டு ஆல்பங்களையும் முதலில் ஒரே இரட்டை ஆல்பமாகத்தான் யோசித்தார்கள். சேர்த்தால் 27 பாட்டு, 155 நிமிடம். அதில் ஒரே மாதிரி நடக்கும் நடுத்தர வேக ராக் பாட்டுகள் ஒரு டஜனாவது தேறும். நல்ல பாட்டுகள் அந்தக் கூட்டத்தில் மூச்சுத் திணறுகின்றன.

அதனால் ஒரு வேலை செய்து பார்த்தேன். 155 நிமிடத்திலிருந்து ஒரு எல்பி அளவுக்கு எட்டே எட்டுப் பாட்டைப் பொறுக்கினேன். முதல் பக்கம்: 'அன்டில் இட் ஸ்லீப்ஸ்', 'ஹீரோ ஆஃப் த டே', 'பிளீடிங் மீ', 'மாமா செட்'. இரண்டாம் பக்கம்: மரியான் ஃபெய்த்ஃபுல்லின் கரகரத்த குரலோடு 'த மெமரி ரிமெயின்ஸ்', ஹர்டி-கர்டி வாத்தியம் முனகும் 'லோ மேன்ஸ் லிரிக்', 'ஃபிக்ஸர்', கடைசியில் 'தி அவுட்லா டோர்ன்'. மொத்தம் 53 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' நீளத்துக்கு இரண்டு நிமிடம்தான் கம்மி. இந்த வரிசையில் நீங்களும் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். ஒரு மனுஷன் தன் சின்ன வயதோடு கணக்குத் தீர்க்கும் ஆல்பம் ஒன்று உள்ளே ஒளிந்திருப்பது தெரியும். 1996இல் அதை மட்டும் வெளியிட்டிருந்தால் "முதல் நாலு" என்று யாரும் சொல்லியிருக்க மாட்டோம் என்று நினைக்கிறேன்.

'செயின்ட் ஆங்கர்' பற்றி எல்லோரும் சொல்லும் இரண்டு குறைகள் உண்மைதான். ஸ்னேர் ட்ரம்மின் கம்பிகளைத் தளர்த்திவிட்டு வாசித்ததால் தகர டப்பா மாதிரி சத்தம். ஒரு கிட்டார் சோலோகூட இல்லை. நியூஸ்டெட் விலகி, ஹெட்ஃபீல்ட் குடியிலிருந்து மீளச் சிகிச்சைக்குப் போய், குழுவே ஒரு மனநல ஆலோசகரை வைத்துக்கொண்டு பேசித் தீர்த்த காலம். 2004இல் வந்த 'சம் கைண்ட் ஆஃப் மான்ஸ்டர்' ஆவணப்படத்தில் அதைப் பார்க்கலாம். படம் ஆல்பத்தைவிட நல்லது. ஆனால் என் குறை டப்பாச் சத்தம் இல்லை. கோபம் மூன்று நிமிடத்தில் சொல்லி முடிக்கும் விஷயம். இங்கே அது ஏழு, எட்டு நிமிடம் அதே ரிஃப்பில் சுற்றுகிறது. யார் மனமும் புண்படக் கூடாது என்று எல்லோரும் எல்லோருடைய யோசனையையும் ஏற்றுக்கொண்ட காலத்தில், "இது வேண்டாம்" என்று சொல்லும் வாய் அறையில் இல்லை. மனுஷர்களுக்கு அது நல்லதாக இருந்திருக்கும். பாட்டுகளுக்கு இல்லை.

'டெத் மேக்னெடிக்' வந்தபோது நான் துள்ளிக் குதித்தவன். தயாரிப்பாளர் ரிக் ரூபின் பழைய காலத்தை நினைத்து எழுதச் சொன்னார். இப்போது வரிசையைப் பாருங்கள்: நாலாவது இடத்தில் மெதுவாகத் தொடங்கி வெடிக்கும் பாட்டு, கடைசிக்கு முன் வாத்திய இசை, கடைசியில் அதிவேகப் பாட்டு. 'ஜஸ்டிஸ்' ஆல்பத்தின் அதே அச்சு, அப்படியே! ஆனால் உள்ளே ரிஃப்புகள் அடுக்கப்பட்டிருக்கின்றன, பின்னப்படவில்லை. பல பாட்டுகளில் நடுவிலிருந்து ஒரு நிமிடத்தை எடுத்துவிட்டாலும் யாருக்கும் தெரியாது. 'ஆல் நைட்மேர் லாங்' மட்டும் விதிவிலக்கு. போதாக்குறைக்கு ஒலியை உச்சத்துக்கு ஏற்றி நசுக்கிவிட்டார்கள். சிடியைவிட 'கிட்டார் ஹீரோ' வீடியோ கேமுக்குக் கொடுத்த பதிவில் ஒலி தெளிவாக இருக்கிறது என்று ரசிகர்கள் கண்டுபிடித்தார்கள். அடங்கின இடமும் சத்தம், வெடிக்கும் இடமும் சத்தம் என்றால் வெடிப்பு எங்கே இருக்கும்? மென்மைக்கும் கனத்துக்கும் நடுவிலிருந்த தூரம்தானே 'ஃபேட் டு பிளாக்'?

'ஹார்ட்வயர்ட்' ஒலி தேவலை. கடைசிப் பாட்டான 'ஸ்பிட் அவுட் த போன்' ஐம்பதை ஒட்டிய வயதில் வாசித்ததா என்று வியக்க வைக்கும். ஆனால் இரண்டாம் தகட்டில் பாதிக்கு மேல் அந்தக் கடைசிப் பாட்டுக்காகக் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

'72 சீசன்ஸ்' தலைப்பின் கணக்கு எளிது. வருஷத்துக்கு நாலு பருவம், பதினெட்டு வருஷத்துக்கு 72. ஒரு ஆள் உருவாகும் முதல் பதினெட்டு வருஷம், அதில் ஒட்டிக்கொண்டு பிறகு உதறவே முடியாதது எது என்பதுதான் ஆல்பத்தின் விஷயம். 'கில் 'எம் ஆல்' வெளியானபோது ஹெட்ஃபீல்டுக்கு இருபதுகூட நிறையவில்லை. அந்த 72 பருவங்கள் முடிந்து இரண்டு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. அந்தப் பையன் எதிலிருந்து ஓடினான் என்பதை 59 வயதில் உட்கார்ந்து எழுதுகிறார். நாற்பது வருஷ இடைவெளியில் இரண்டு ஆல்பங்களும் ஒரே ஆளைப் பற்றியவை. சின்னவன் வேகத்தில் ஒளித்ததைப் பெரியவர் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். கடைசிப் பாட்டு 'இனமொராடா' பதினொரு நிமிடம், அவர்கள் எழுதியதிலேயே நீளமானது. துக்கத்தை விட முடியாமல், காதலியைப்போல் வைத்துக்கொண்டிருப்பது பற்றிய பாட்டு. நடுவில் எல்லாம் அடங்கி ராபர்ட் ட்ருஹீயோவின் பேஸ் மட்டும் தனியாக நடக்கும். இந்தப் பதினொரு நிமிடத்தில் எனக்கு ஒரு நொடிகூட அதிகமாகத் தெரியவில்லை. ஆனால் அதை அடைவதற்கு முன் இருக்கும் 66 நிமிடத்தில் பாதியைத் தாராளமாக விட்டிருக்கலாம்.

ஆக, என் புதிய நிலைப்பாடு இது. முதல் மூன்று ஆல்பங்களும் சிறந்தவை என்ற தீர்ப்பில் மாற்றம் இல்லை. காரணம் இளமையோ, வேகமோ, "நேர்மை"யோ இல்லை. எல்பியின் இரண்டு பக்கம், கையில் இருந்த கொஞ்சக் காசு, ஒத்திசை தெரிந்த ஒரு பேஸ் கலைஞர் ஆகிய மூன்றும் சேர்ந்து அவர்களை வெட்ட வைத்தன. முதல் ஆல்பத்தை மூன்று வாரத்துக்குள் பதிவு செய்தவர்களுக்குச் சுற்றி வளைக்க நேரம் ஏது? பிறகு காசு வந்தது, நேரம் வந்தது, 79 நிமிடத் தகடு வந்தது. வேண்டாம் என்று சொல்ல ஆள் இருந்த ஒரே தடவை 1991. அதைத்தான் நாம் துரோகம் என்றோம்.

பிந்தைய ஆல்பங்களில் குறைந்தது கட்டுமானம். கூடியது சொல்ல வந்த விஷயம். இரண்டும் ஒரே ஆல்பத்தில் முழுசாகச் சந்திக்கவில்லை. 'ஒன்', 'பிளீடிங் மீ', 'இனமொராடா' மாதிரித் தனிப் பாட்டுகளில்தான் சந்திக்கின்றன. 1988, 1996, 2023. மூன்று வருஷங்களும் மூன்று காலகட்டத்தில் இருக்கின்றன என்பதைக் கட்சிக்காரர்கள் கவனிக்க வேண்டும். நானும் கட்சிக்காரன்தான், இப்போதும்.